முடியாத பாட்டு

சென்ற ஆண்டு ஒரு சிறுகதைப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். நடுவர் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. ஜனங்கள் இப்போது எதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வீட்டைவிட்டு நகராமலே தெரிந்துகொண்டு விடலாம். வந்திருந்த 32 கதைகளில் 11 கதைகள் குழந்தையின் கையில் இருக்கும் செல்போனைப் பற்றியவை. காதல் கதைகள்கூட ஏழுதான் வந்திருந்தன.

அந்தப் பதினொன்றில் ஒன்றைத் தவிர மற்றப் பத்தும் ஒரே கதை. அந்த ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பத்துக் கதையிலும் ஒரு தாய் இருக்கிறாள். அவள் சீரியல் பார்க்கிறாள். அல்லது சிநேகிதியோடு வாட்ஸ்அப்பில் அரட்டை அடிக்கிறாள். குழந்தை புடவையைப் பிடித்து இழுக்கிறது. சனியன் விட்டால் போதும் என்று போனைக் கொடுக்கிறாள். குழந்தை நாளடைவில் பேச்சை மறக்கிறது, சிரிப்பை மறக்கிறது. கிராமத்திலிருந்து பாட்டி வந்து சேர்கிறாள். பாட்டி ஒரு கதை சொல்கிறாள். குழந்தை போனைத் தூர எறிந்துவிட்டுப் பாட்டியின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்கிறது. தாய் கண்ணீர் விடுகிறாள். ஒரு கதையில் தாய்க்குப் பதிலாகத் தகப்பன் கண்ணீர் விட்டான். ஆனால் அவனும் மனைவியை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தான்.

எழுதத் தெரியாதவர்கள் எழுதிய கதைகள் என்று இவற்றைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் மேடையிலும் பத்திரிகையிலும் இதையேதான் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆகவே என் குறை அந்தப் பத்துப் பேர்மீது அல்ல. நம் காலத்தின் ஒரு பெரிய விஷயத்தைப் பற்றி நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு பொய்க்கதையைக் கட்டி, அதை நம்பித் திருப்தியாகவும் இருந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் குறை.

முதலில் அந்தப் பாட்டியை எடுத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்த பாட்டிமார்கள் நெய்வேலிக் குடியிருப்பில் அநேகம் பேர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட மடியைக் காலியாக வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைக்காகக் காத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. விடியற்காலையில் எனக்கு வரும் முதல் ‘குட் மார்னிங்’ படம் எழுபத்திரண்டு வயதான என் பெரியம்மாவிடமிருந்து வருகிறது. ரோஜாப் பூவும் பிள்ளையாருமாக இருக்கும். அவர் நல்ல கதைசொல்லிதான். அவர் சொன்ன கதைகளைத்தான் ஊர் பெயரை மாற்றி நான் எழுதிப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இன்று அவருக்குக் கதை சொல்ல நேரமில்லை. கதாசிரியர்கள் இந்தப் பெரியம்மாவைப் பார்க்க மறுக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை வெற்றிலைப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒரு பாட்டி. அப்படிப்பட்ட பாட்டி நாற்பது வருஷத்துக்கு முன் வந்த கதைகளிலிருந்து இறங்கி வருகிறாளே ஒழிய, எந்த பஸ்ஸிலிருந்தும் இறங்கி வரவில்லை.

பாட்டி போகட்டும். தாயின் விஷயம் அப்படி விளையாட்டாகப் பேசுவதற்குரியது அல்ல.

நான் நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவன். 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் அதை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அன்று முதல் இந்த ஊருக்கு இரவு என்று தனியாக ஒன்று கிடையாது. காலை, பிற்பகல், இரவு என்று மூன்று ஷிஃப்ட். என் தகப்பனார் முதல் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை பார்த்தவர். இரவு ஷிஃப்ட் முடிந்து அவர் வீடு திரும்பும்போது நாங்கள் பல் தேய்த்துக்கொண்டிருப்போம். அவர் குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு படுப்பார். அதற்கப்புறம் அந்த வீட்டில் தட்டு விழக்கூடாது, குழாய் சத்தமாகத் திறக்கக்கூடாது, குழந்தை சிரிக்கக்கூடாது.

லீவு நாளில் எங்களை என் தாயார் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கதை சொன்னாரா, பாட்டுப் பாடினாரா? கையில் ஆளுக்கொரு வெல்லக்கட்டியைக் கொடுத்து, “அப்பா எந்திரிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பலாமரம் இருந்தது. எங்கள் வட்டத்தில் அகலமான சாலை இருந்தது. எப்போதாவது ஒரு சைக்கிள் வரும். எங்களைப் போலவே தூங்கும் தகப்பனார்களால் துரத்தப்பட்ட இருபது பையன்கள் இருந்தார்கள். பம்பரமும் கோலியும் முந்திரிக்கொட்டையுமாக நாங்கள் வளர்ந்தோம். அதை இன்று ‘பொற்காலம்’ என்று எழுதுகிறோம். என் தாயார் என்னை அந்த நேரத்தில் வளர்க்கவில்லை, வெளியே தள்ளினார். அவ்வளவுதான் விஷயம். தள்ளிய இடம் நல்ல இடமாக இருந்தது. அது அவருடைய சாமர்த்தியம் அல்ல, அந்தக் காலத்து நகர அமைப்பின் புண்ணியம்.

இப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு வீட்டைச் சொல்கிறேன். அந்த வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி; எனக்குப் பழக்கமானவர். நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைக்கிற குவார்ட்டர்ஸ் அவருக்கு இல்லை. வாடகைக்கு ஒரு அறையும் ஒரு சமையலறையும். வாசலை ஒட்டி லாரி ஓடுகிற ரோடு. மூன்று வயதில் ஒரு பையன். பையனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, “எவ்வளவு நேரம் போன் பார்க்கிறான்?” பேச்சு தாமதமாவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், இது ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினாராம். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு கேள்வி மட்டும்தான். மாமியார் ஆரம்பித்தார், நாத்தனார் தொடர்ந்தார், ஊரிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொன்னவர்கள் வேறு.

நான் போயிருந்த அன்று அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் என்னிடம் கேட்டாள்: “அவரு நைட்டு முடிச்சிட்டு வந்து தூங்கணும் அண்ணா. தூங்காம மெஷின்கிட்ட போயி நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இவன் கத்துனா அவரு முழிச்சுக்குவாரு. வெளிய விட்டா லாரி. நான் இவனை எங்கதான் வைக்கிறது?”

குரலை உயர்த்தாததற்குக் காரணம் நான் விருந்தாளி என்பதல்ல. அடுத்த அறையில், அதாவது நாலு அடி தள்ளி, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பையன் அவர் காலடியில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்த போனில் ஏதோ ஒரு வாத்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நம் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட நான் மருத்துவர்களோடு மல்லுக்கு நிற்கப்போவதில்லை. அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி போக மிச்சமுள்ள நேரத்தில் குழந்தையை வைக்கிற இடத்தையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினோம். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மறுபடி பள்ளிக்கூட வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. பத்தொன்பது மாதம் போன்தான் பள்ளிக்கூடம், போன்தான் சிலேட்டு. வாங்கித் தராத தகப்பன் பொறுப்பில்லாதவன் என்றோம். அந்த மையின் ஈரம் காயுமுன் வாங்கித் தந்தவனைப் பொறுப்பில்லாதவன் என்று கதை எழுதுகிறோம்.

சரி, அப்படியானால் போன் நல்லதுதானா என்று கேட்பீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. குற்றவாளியை மாற்றிப் பிடித்திருக்கிறோம் என்கிறேன். தாயை விட்டுவிட்டு, அந்தக் குழந்தை பார்க்கிற சரக்கை ஒரு கதையைப் படிப்பது போல, ஒரு பாட்டைக் கேட்பது போல உட்கார்ந்து யாராவது விமரிசனம் செய்திருக்கிறோமா? நாவலுக்கு விமரிசனம் உண்டு, சினிமாவுக்கு உண்டு. நம் நாட்டில் மிக அதிகம் பேர் மிக அதிகத் தடவை பார்க்கிற கலைப்படைப்புக்கு ஒரு வரி விமரிசனம் கிடையாது.

இதில் நமக்கு ஒரு சொந்த சம்பந்தமும் இருக்கிறது. உலகம் முழுவதும் குழந்தைகள் பார்க்கிற ‘சுச்சு டிவி’ அமெரிக்காவிலிருந்து வருவதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சென்னையிலிருந்து வருகிறது. 2013-ல் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வினோத் சந்தர். நம் சினிமா இசையமைப்பாளர் சந்திரபோஸின் மகன். தம்முடைய சிறு பெண்ணைச் சந்தோஷப்படுத்த ஒரு பாட்டுக்குப் படம் வரைந்து யூடியூபில் போட்டார். அந்தப் பெண்ணின் செல்லப் பெயர்தான் அந்தப் பெயர். ஒரு தகப்பன், ஒரு குழந்தை, ஒரு பாட்டு. இதைவிட நல்ல தொடக்கம் எந்தக் குழந்தை இலக்கியத்துக்கும் இருக்க முடியாது. அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வேலையும் சுத்தமான வேலை. வன்முறை இல்லை, ஆபாசம் இல்லை, விழுந்தவன் எழுந்து நடப்பான், அழுதவன் சிரிப்பான்.

அவர்களுடைய பாட்டுகளில் மிகப் பிரசித்தமான ஒன்று ‘ஜானி ஜானி எஸ் பாப்பா’. நம் நர்சரிப் பள்ளிகளில் பல காலமாக ஒலித்து வந்த ஆங்கிலப் பாட்டுத்தான். சர்க்கரை தின்ற பையனைத் தகப்பன் விசாரிக்கிறான், பையன் இல்லை என்கிறான், வாயைத் திற என்கிறான் தகப்பன், பையன் சிரிக்கிறான். இந்தக் கதையை நமக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. மண்ணைத் தின்ற பிள்ளையிடம் யசோதை கேட்டதும் இதுதான். அந்த வாய்க்குள் அவள் ஈரேழு உலகத்தையும் கண்டாள். இந்தத் தகப்பன் ஒன்றையும் காணவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை; எல்லா வாயிலும் பிரபஞ்சம் இருக்காது. இரண்டு கதையிலும் பெரியவர் குனிந்து குழந்தையின் வாய்க்குள் பார்க்கிறார், அதுதான் கதையின் உயிர். ஆனால் போனில் இதைப் பார்க்கிற குழந்தைக்கு நடப்பது என்ன? வேறொரு குழந்தையின் வாய்க்குள் அதன் தகப்பன் பார்ப்பதை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் வாய்க்குள் ஒரு ஸ்பூன் போய் வந்துகொண்டிருக்கிறது. சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பத்து நிமிஷம் அப்படியே இருக்கும். “முழுங்கு, முழுங்கு” என்று ஒரு குரல் கேட்கும். பெற்றவர்கள் எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரியும்.

அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டவில்லையா, அதுவும் ஒரு திரைதானே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். கெட்டிக்காரத்தனமான வாதம். நானும் கொஞ்ச நேரம் மயங்கிப் போனேன். பிறகுதான் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது. அதில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. பாட வந்த புலவர்களுக்கு அம்புலி ஒரு புலி என்று சொல்வார்கள், அவ்வளவு கடினம். காரணம் என்ன? நிலா வராது. என்ன கூப்பிட்டாலும் வராது. சாமம், பேதம், தானம், தண்டம் என்று நாலு உபாயமும் செய்து பார்க்கிறாள் தாய். என் பிள்ளையும் நீயும் ஒன்று என்கிறாள், நீ என் பிள்ளைக்குச் சமமா என்கிறாள், வந்தால் இன்னது கிடைக்கும் என்கிறாள், வராவிட்டால் இன்னது நடக்கும் என்று மிரட்டுகிறாள். வராத நிலாவுக்காக எழுந்ததுதான் அத்தனை கவிதையும். அதற்குள் பிள்ளை நாலு வாய் சாப்பிட்டிருக்கும். போன் கூப்பிட்ட மாத்திரத்தில் வந்துவிடுகிறது. வந்துவிடுகிற நிலாவுக்குக் கவிதை எதற்கு? தாயின் வாய்க்கு வேலை இல்லாமல் போகிற இடம் இதுதான். அமாவாசை என்று ஒன்றும் அதற்கு இல்லை.

அமாவாசை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ‘அம்புலிமாமா’ என்று நிலாவின் பெயரிலேயே ஒரு பத்திரிகை 1947-லிருந்து வந்துகொண்டிருந்தது. இப்போது இல்லை. அதில் மாதா மாதம் விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். வாளும் பிணமுமாக ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். வேதாளம் ஒரு கதை சொல்லும். கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். அரசன் வாயைத் திறந்து சொல்வான். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். அதுவும் முடியாத கதைதானே, அதைப் படித்து நாம் கெட்டோமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வேதாளம் கேள்வி கேட்டது. அரசன் பதில் சொல்லுமுன் நான் ஒரு பதிலை யோசித்து வைத்திருப்பேன். அநேகமாகத் தப்பாக இருக்கும். வேதாளம் மரம் ஏறியபின் ஒரு மாதம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மாதத்தில் என் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு நான் எத்தனை தடவை விக்கிரமனாக நடந்திருப்பேன்!

பெரியவர்கள் அப்போதும் எச்சரித்தார்கள். லயன் காமிக்ஸ் படித்தால் பையன் கெட்டுப்போவான் என்று என் தகப்பனார் இரண்டு புத்தகத்தைக் கிழித்தார். நான் கெட்டுப்போய்க் கதாசிரியனானேன். ஆக அவர் சொன்னதும் முழுப் பொய் அல்ல. டெலிவிஷன் வந்தபோதும் இதே பேச்சுத்தான். ஆனால் 1987-ல் ஞாயிற்றுக்கிழமை ராமாயணம் பார்த்தோமே, அது முடிந்ததும் என்ன ஆயிற்று? முடிந்துவிட்டது. தெருவில் அத்தனை வீட்டிலிருந்தும் எல்லாரும் ஏககாலத்தில் வெளியே வந்தோம். பெட்டியே எங்களை வெளியே அனுப்பிவிட்டது. என் தாயார் செய்த அதே வேலையை அது செய்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு விஷயம் பழக்கத்தில் தெரிந்திருக்கும். கதையில் மிகக் கஷ்டமான இடம் முடிவு. குழந்தைக் கதையில் முடிவு இன்னும் முக்கியம். கதை முடிந்து கத்தரிக்காய் காய்த்தால்தான் குழந்தை கண்ணை மூடும். தாலாட்டு என்பது குழந்தை தூங்கியதும் நின்றுவிடுகிற பாட்டு. பாடுகிறவளுக்கும் தூக்கம் வரும், அதனாலும் நிற்கும். இந்தப் புதிய பாட்டுகளின் முக்கியமான லட்சணம் வண்ணமோ வெளிச்சமோ இங்கிலீஷோ அல்ல. அவற்றுக்கு முடிவு இல்லை. சர்க்கரை தின்ற ஜானியின் பாட்டு ஒரு நிமிஷத்துக்குக்கூடப் போதாது. ஆனால் அதைத் தனியாக விடுவதில்லை. பல பாட்டுகளைக் கோத்து ஒரே சங்கிலியாக்கி விடுகிறார்கள். உலகம் பார்த்தது அந்தச் சங்கிலியைத்தான். அந்தச் சங்கிலி முடிந்தால் இன்னொரு சங்கிலி தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்கிற அந்த வேலை பாட்டு எழுதினவருடையது அல்ல, யூடியூபினுடையது. பக்கம் முடியாமல் கீழே கீழே ஓடிக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டை 2006-ல் ஆஸா ராஸ்கின் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். அப்படிச் செய்ததற்காகப் பிற்பாடு அவரே வருத்தப்பட்டிருக்கிறார். முடிவை எடுத்துவிட்டால் மனிதன் எழுந்து போக மாட்டான் என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். நாவலாசிரியனுக்கு அது தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் நாங்களும் தொடர்கதையைப் பேரன் காலம்வரை இழுத்திருப்போம்.

2021 ஆகஸ்டில், குழந்தைகளுக்கான தங்கள் செயலியில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை முன்கூட்டியே நிறுத்தி வைப்பதாக யூடியூப் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் நம் வீடுகளில் குழந்தைக்கென்று தனிச் செயலி யார் வைத்திருக்கிறார்கள்? அது பார்ப்பது அப்பாவின் போனில், அப்பாவின் கணக்கில். மந்தாரக்குப்பத்துப் பையனை அந்த இயந்திரம் முப்பத்தைந்து வயதுச் சுரங்கத் தொழிலாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வாத்துப் பாட்டுக்கு நடுவே அவனுக்குக் கடன் விளம்பரம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அங்கே சட்டம் முடிவை எழுதப் பார்க்கிறது. இங்கே அதையும் அந்தப் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறோம். கோடிக்கணக்கான பணமும் ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் சேர்ந்து எடுத்துவிட்ட முடிவை, அவள் ஒருத்தி, ஒரு கையில் கரண்டியோடு, புருஷன் முழித்துக்கொள்ளாமல், தினம் நாலு வேளை எழுதியாக வேண்டும். குழந்தையிடமிருந்து போனை வாங்குகிற அந்த நிமிஷத்தில் எழுகிற கூச்சல் இருக்கிறதே, அது பாட்டு பிடுங்கப்பட்டதற்கான கூச்சல் மட்டும் அல்ல. பாட்டு முடியவில்லையே என்கிற நியாயமான கூச்சல். முடியாத ஒன்றை யார் நடுவில் நிறுத்தினாலும் அது கொடுமையாகத்தான் தோன்றும்.

நான் யோக்கியன் மாதிரி பேசிக்கொண்டு போகிறேன். அந்தப் போட்டிக் கதைகளைப் படித்து மார்க் போட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் ஆயிற்று. என் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். அந்த மூன்று மணி நேரமும், போன் குழந்தைகளைக் கெடுக்கிறது என்ற பதினொரு கதையையும் நான் இடையூறில்லாமல் படித்து முடிக்க, என் ஆறு வயது மகளின் கையில் போன் இருந்தது. எங்கள் வீட்டில் இரவு ஷிஃப்ட் இல்லை. வாசலில் லாரி இல்லை. பலாமரம் இன்னும் இருக்கிறது. எனக்கு ஒரு சாக்கும் கிடையாது.

இனி அந்தப் பதினோராவது கதை. பெயரை மறைத்துத்தான் நடுவர்களிடம் கொடுத்தார்கள்; எழுதியது பெண் என்று என் ஊகம். எழுத்துப் பிழைகள் அநேகம். வாக்கியங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தாய் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள், எதிரில் சொம்பின்மேல் சாய்த்துவைத்த போன். ஐந்தாவது வாயில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிடுகிறது. குழந்தை வீறிடுகிறது. தட்டில் பாதிச் சோறு கிடக்கிறது. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாட்டியும் வரவில்லை. போனில் ஓடிக்கொண்டிருந்த அதே பாட்டை, வண்டியில் ஒவ்வொரு மிருகமாக ஏறுகிற பாட்டை, அவளே பாட ஆரம்பிக்கிறாள். ஆயிரம் தடவை காதில் விழுந்த பாட்டு, ஆனால் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆடு ஏறிற்று என்று பாடுகிறாள். குழந்தை அழுகையை நிறுத்தி அவளைப் பார்க்கிறது. “ஆடு இல்ல,” என்கிறது. “மாடு.” அவள் மாடு என்று பாடுகிறாள். அடுத்தது நாய் என்கிறாள். “நாய் இல்ல.” அப்படியே தப்புத் தப்பாகப் பாடிப் பாடி, திருத்தத் திருத்த, தட்டு காலியாகிவிடுகிறது. கடைசியில் வண்டியில் யார் ஏறினார்கள் என்பது இருவருக்குமே நினைவில்லை. அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு, போனைச் சார்ஜில் போடுகிறாள். அது உயிர் பெற்றதும் குழந்தை அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவள் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். கதை அங்கே நின்றுவிட்டது.

நான் அதற்கு நூற்றுக்கு எண்பத்தைந்து போட்டேன். மற்ற இரண்டு நடுவர்களும் நாற்பதைத் தாண்டவில்லை. குழந்தை மறுபடியும் போனுக்கே போய்விடுகிறதே, கதையில் படிப்பினை எங்கே என்று ஒருவர் கேட்டார். எழுத்துப் பிழைகளை எண்ணி ஓரத்தில் எழுதியிருந்தார் மற்றவர், மொத்தம் 27. கூட்டிப் பார்த்ததில் முதல் பரிசு, பாட்டி மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய கதைக்குப் போயிற்று.